ஆடு இல்லாத படம் வேண்டுமாம், அதுவும் ஃபாரோ தீவுகளில்!

குளிர்விரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆறு நாள் ஃபாரோ தீவுகளில் (வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க்குக்கு உட்பட்ட தீவுக்கூட்டம்) இருந்துவிட்டு நேற்றிரவுதான் கோபன்ஹேகன் வந்து சேர்ந்தேன். காலணி இரண்டும் இன்னும் குளியலறையில் சொட்டிக்கொண்டிருக்கின்றன. போனது சுற்றுலாவுக்கு அல்ல, கூலிக்கு. வாகர் தீவில் ஆறு அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதி. அதை நடத்தும் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். புதிதாக ஒரு சிற்றேடு அச்சிடுகிறார். அறைகள், சாப்பாட்டு மேசை, சன்னலில் தெரியும் கடல், அக்கம்பக்கத்து ஊர்கள் என்று 12 படங்கள் வேண்டும் என்றார். டேனிஷ் மொழியில் வந்த மின்னஞ்சலின் கடைசி வரியில் ஒரே ஒரு நிபந்தனை: எந்தப் படத்திலும் ஆடு இருக்கக் கூடாது.

படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த நாட்டின் பெயருக்கே ஆட்டுத் தீவுகள் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். மனிதர்கள் ஏறத்தாழ 54 ஆயிரம் பேர், செம்மறி ஆடுகள் சுமார் 70 ஆயிரம். நாட்டுச் சின்னத்திலேயே செம்மறிக் கடா நிற்கிறது. அங்கே எஞ்சியிருக்கும் ஆவணங்களில் மிகப் பழையது 1298-ஆம் ஆண்டின் ‘ஆட்டுக் கடிதம்’. மேய்ச்சலையும் ஆட்டு உரிமையையும் ஒழுங்குபடுத்த எழுதிய சட்டம். பத்து வருடமாகக் கல்யாண ஆல்பம் போட்டுப் பிழைக்கிறவன் நான். மாப்பிள்ளை இல்லாமல் ஆல்பம் போடச் சொன்னது போல இருந்தது.

மே மாதத் தொடக்கம். வெயில் நேரம் நிறைய, வெயில்தான் இல்லை. வெப்பம் 6, 7 டிகிரி. அது ஒன்றும் பெரிய குளிர் இல்லை என்று நினைத்துத்தான் நானும் போனேன். காற்றை யாரும் கணக்கில் சொல்வதில்லை. விமானம் ஒருமுறை இறங்கப் பார்த்துவிட்டு மேகத்துக்குள் திரும்ப ஏறியது. இரண்டாம் முறைதான் தரை தொட்டது. பக்கத்து இருக்கைக்காரர் செய்தித்தாளில் இருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

முதல் வேலை காஸதாலூர். பச்சை மேடு, அதன் மேல் சில வீடுகள், அங்கிருந்து நேராகக் கடலில் விழும் முலாஃபோசூர் அருவி. எல்லோரும் எடுக்கும் படம்தான், ஆனால் அந்த அம்மாவுக்கு அது வேண்டும். கேமரா முக்காலியைத் தாழ்த்தி வைத்து நின்றேன். அருவி விழவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன்: கடலிலிருந்து வீசிய காற்றில் தண்ணீர் பாதி வழியில் திரும்பி, புகை போல மேலே ஏறி, என் முகத்தில் வந்து விழுந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்தேன். காற்று ஒரு நொடி ஓய்ந்தது. அருவி ஒழுங்காக விழுந்தது. படச் சட்டத்தின் இடது ஓரத்தில் ஓர் ஆடு நுழைந்து நின்றது.

மீதியை மாலையில் எழுதுகிறேன்.

மலைக்கோட்டை மணி

இதற்கு ஏன் நாற்பது நிமிடம் நனைய வேண்டும்? எடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து ஆட்டை அழித்துவிட வேண்டியதுதானே. இப்போது வருகிற மென்பொருளில் இரண்டு நொடி வேலை.

கழுகுக்கண்

ஆட்டை அழிப்பீர்கள். அது மேய்ந்து குட்டையாக்கிய புல்லை யார் வளர்ப்பது?

ஒஸ்லோ வாணி

2018-இல் நான் போயிருக்கிறேன். ஆடுகளைக் குறைத்துப் பேசாதீர்கள், அங்கே அவையும் நம் தொழிலில்தான் இருக்கின்றன. 2016-இல் கூகுள் வீதிக்காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) ஃபாரோ தீவுகள் இல்லை. அந்நாட்டுச் சுற்றுலாத் துறையில் வேலை செய்த துரிதா தால் ஆண்ட்ரியாசென் என்ற பெண்மணி, சூரிய மின்சாரத்தில் இயங்கும் 360 பாகைக் கேமராக்களை ஆடுகளின் முதுகில் கட்டி மேய விட்டுவிட்டார். ஆடு போன வழியெல்லாம் படம். அதைப் பார்த்து கூகுளே கேமராக்களை அனுப்பி வைத்தது. அடுத்த வருடம் தீவுகள் வரைபடத்தில் ஏறின. ஆக, குளிர்விரல், உங்கள் சட்டத்துக்குள் வந்தது போட்டியாளராக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும்: காரில் போகிறவர்கள் ஆட்டை இடித்துவிட்டால் நிறுத்திக் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

குளிர்விரல்

வாணி அக்கா, போட்டியாளருக்குக் கூலி புல். எனக்கு அதுவும் முன்பணமாகக் கிடைக்கவில்லை.

மணி, அழிக்கலாம். முதல் நாள் இரவு நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் ஏன் ஆடு வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் கேட்டபோது கதை வேறாக இருந்தது. போன வருடம் வந்த விருந்தினர்கள் சிலர், பழைய சிற்றேட்டில் இருந்த ஆட்டுக்குட்டிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இந்தக் குட்டி எங்கே?’ என்று வேலி தாண்டிப் போய்விட்டார்களாம். மே மாதம் அங்கே குட்டி போடும் காலம். மனிதர்கள் துரத்தினால் தாய் ஒரு பக்கம் ஓடும், குட்டி ஒரு பக்கம் நிற்கும். நமக்குக் காட்டு மலை போலத் தெரியும் இடமெல்லாம் யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம். ஊரை ஒட்டிய விளைநிலத்துக்கு ஒரு பெயர், மேலே மலை மேய்ச்சலுக்கு வேறு பெயர், இரண்டுக்கும் நடுவில் கல் சுவர். பக்கத்து நிலத்துக்காரர் வந்து சத்தம் போட்டிருக்கிறார். ‘நாற்பது வருடம் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். விருந்தினர் மூன்று நாளில் போய்விடுவார்கள்’ என்றார் அம்மா.

அதன் பிறகு அந்த நிபந்தனையைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை. ஆடு நின்ற படத்தில் ஆட்டை அழித்துக் கொடுத்தாலும் அவருக்குப் பிரச்சினை இல்லைதான். எனக்குத்தான் பிடிவாதம் வந்துவிட்டது. ஒரு தடவையாவது ஆடே இல்லாமல் எடுத்துக் காட்ட வேண்டும் என்று.

பிலிம்சுருள்

தம்பி, நான் 31 வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். நெகட்டிவின் மேல் பென்சில் முனையை ஊசி போலச் சீவி, பருவையும் அம்மைத் தழும்பையும் ஒவ்வொரு புள்ளியாக மறைத்துப் பிழைத்தேன். பெண் பார்க்கப் போன படங்களில் பாதி என் பென்சில். எனவே அழிப்பது பாவம் என்று யாராவது இங்கே தொடங்கினால் நான் எதிர்க் கட்சி. ஆடும் ஒரு பரு.

கழுகுக்கண்

ஐயா, அந்தத் தழும்பு கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்திருக்குமே?

பிலிம்சுருள்

தெரிந்திருக்கும். அதற்குள் என் பணம் வந்துவிடும்.

தூறல்

மழையில் லென்ஸை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று சொல்லுங்கள், அண்ணா. போன மாதம் வால்பாறையில் எடுத்த படங்களில் பாதி எனக்குச் சோப்புக் குமிழி மாதிரி வந்தன.

குளிர்விரல்

தூறல், நான் கற்றதைச் சொல்கிறேன். அடி வாங்கிக் கற்றது.

காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், காட்சி அந்தப் பக்கம் இல்லாவிட்டாலும். முதலில் காற்று எங்கே என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் காட்சி எங்கே என்று பார்க்க வேண்டும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. எடைக்காகப் பையை முக்காலியில் தொங்கவிடச் சொல்வார்கள்; அந்தக் காற்றில் பை கோயில் மணி போல ஆடி முக்காலியையும் சேர்த்து ஆட்டும். பையைத் தரையில் வைத்து, வாரை மட்டும் இழுத்துக் கட்டினேன். அகலமான லென்ஸ் மூடாக்கு (ஹுட்) காற்றைப் பிடிக்கும் படகுப் பாய். கழற்றிவிட்டு உள்ளங்கையால் மறைத்தேன்.

துடைக்கும் துணி பத்து கொண்டு போனேன். மதியத்துக்குள் பத்தும் நனைந்தன. கடைசியில் காப்பாற்றியது விடுதியின் பழைய பருத்தித் துவாலை. ஒத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அங்கே வருவது வெறும் மழை அல்ல, உப்பும் சேர்ந்தது. தேய்த்தால் உப்பு கோடு போட்டுவிடும். இரவில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடலையும் முக்காலி மூட்டுகளையும் துடைத்துவிடுவேன்.

வெளியிலிருந்து சமையலறைக்குள் நுழையும்போது பையின் ஜிப்பைத் திறக்காதீர்கள். அந்த அம்மாவின் அடுப்பில் எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் அவசரப்பட்டுத் திறந்தேன். கண்ணாடிக்குள் பனி படர்ந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டியை நீல வானத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து நிறையப் பேர் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். ஈரப் புல்லும் ஈரப் பாறையும் வானத்தை வெள்ளையாகப் பிரதிபலிக்கும். வடிகட்டியைத் திருப்பினால் அந்த வெளுப்பு போய், அடியில் இருக்கும் பச்சை மேலே வரும். ஃபாரோவின் பச்சையை எடுக்க எனக்கு உதவியது அது ஒன்றுதான்.

மலைக்கோட்டை மணி

அந்த ஏரிப் படம் எடுத்தீர்களா? கடலுக்கு மேலே, மலை உச்சியில் தொங்குமே, அது. எனக்கு அது ஒன்று போதும்.

கழுகுக்கண்

அது தொங்கவே இல்லை. இணையத்தின் மிகப் பெரிய பொய் அந்த ஏரி. ஆடு அழிப்பதை எல்லாம் விடுங்கள், அதைப் பற்றிப் பேசுவோம்.

குளிர்விரல்

எடுத்தேன். விளக்கமாகவே சொல்கிறேன், இதில் எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

ஏரி கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் அளவுக்குத்தான் உயரம். அதன் முனையில் போஸ்தாலாஃபோசூர் அருவி வழியே தண்ணீர் கடலில் கொட்டுகிறது. அதிலிருந்து சற்றுத் தள்ளி ட்ரேலானீபா என்ற செங்குத்துப் பாறை, 142 மீட்டர். நீங்கள் பாறைக்குப் பக்கத்து மேட்டில் ஏறி நின்று, அகல லென்ஸ் போட்டால், முன்னால் இருக்கும் பாறைச் சுவர் கடல் வரை முழுசாகத் தெரியும். பின்னால் தூரத்தில் இருக்கும் ஏரி அந்தச் சுவரின் தலையில் உட்கார்ந்தது போலத் தெரியும். பாறையின் உயரத்தை ஏரியின் கணக்கில் கண் எழுதிவிடுகிறது. அவ்வளவுதான். யாரும் எதையும் ஒட்டவில்லை, வெட்டவில்லை.

மித்வாகூர் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு மணி நேர நடை. நுழைவாயிலில் 200 குரோனர் வாங்கினார்கள். வழி சேறு. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகை. நான் போனபோது மேகம் ஏரியை முழுதாக மூடியிருந்தது. இரண்டு மணி நேரம் ஒரு பாறைக்கு ஒதுங்கி உட்கார்ந்து, அம்மா கட்டிக் கொடுத்த கம்பு ரொட்டியும் ருபார்ப் ஜாமும் சாப்பிட்டேன். ஈரத்தில் ரொட்டி பஞ்சாகிவிட்டது. திரை விலகியதுபோல எட்டு நிமிடம் ஏரி தெரிந்தது. 31 படங்கள். அவற்றில் 31-லும் ஆடுகள்.

ஒஸ்லோ வாணி

அந்த ஏரிக்குப் பெயரே இரண்டு. லெயிடிஸ்வாட்ன் என்பார்கள், ஸோர்வாக்ஸ்வாட்ன் என்பார்கள். இரண்டாவதுக்கு ‘ஸோர்வாகூர் ஊரின் ஏரி’ என்று பொருள். மித்வாகூர்க்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். கழுகுக்கண் பொய் என்கிறார், அங்கே பெயரிலேயே வழக்கு இருக்கிறது.

கழுகுக்கண்

வழக்கு இருக்கட்டும். பார்க்கிறவன் மனத்தில் 30 மீட்டர் 140 மீட்டராகப் பதிகிறது. எடுத்தவருக்கு அது தெரியும். தெரிந்தே எடுத்தால் அதற்கு வேறு என்ன பெயர்?

பிலிம்சுருள்

இந்த விஷயத்தில் கழுகுக்கண் பக்கம் நான். பருவை மறைத்தால் முகம் அந்த முகம்தான். நாலடி உயரத்துக்காரரை ஸ்டூலில் ஏற்றிப் பெண்ணுக்கு அனுப்பினால் அது மோசடி. ஸ்டூலும் நான் வைத்திருந்தேன், அது வேறு கதை.

குளிர்விரல்

ஐயா, நான் ஸ்டூல் போடவில்லை, நான்தான் மேட்டில் ஏறி நின்றேன். எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிப்பதுதானே நம் வேலையில் பாதி? நிற்கும் இடத்தை மோசடி என்றால், எல்லாப் படத்தையும் விமானத்திலிருந்து நேர்க்குத்தாக எடுக்க வேண்டும். ஆனால் படத்தின் கீழே ‘கடலுக்கு மேல் 140 மீட்டர் உயரத்தில் தொங்கும் ஏரி’ என்று எழுதினால் அது பொய். பொய் படத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் எளிதாக முடித்துவிட்டார்: ‘ஆடு இருக்கிறது. வேண்டாம்.’

சுழல்காற்று

அந்தத் தீவுகளில் நடக்கும் திமிங்கில வேட்டையைப் பற்றி யாரும் ஏன் பேசவில்லை?

மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே 200 பதில்கள் ஏற்கெனவே ஓடிவிட்டன. இங்கே ஆடு மட்டும்.

தூறல்

மிச்சினெஸ் தீவுக்குப் போய் பஃபின் பறவைகளை எடுத்தீர்களா, அண்ணா? என் கனவு அது.

குளிர்விரல்

போகவில்லை. இரண்டு நாள் காலையில் ஸோர்வாகூர் படகுத்துறைக்குப் போனேன், இரண்டு நாளும் படகு ரத்து. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அலையைப் பார்த்தாலே நானே ஏறியிருக்க மாட்டேன்.

முதல் நாள் இரவு அம்மாவிடம் ‘நாளைக்குப் படகு போகுமா?’ என்று கேட்டேன். ‘கன்ஸ்கா’ என்றார். ‘ஒருவேளை’ என்று பொருள். ‘மழை விடுமா?’ கன்ஸ்கா. ‘மேகம் விலகுமா?’ கன்ஸ்கா. 1940-இல் பிரிட்டிஷ் படை வந்து தங்கியபோது, சிப்பாய்கள் இந்த நாட்டுக்கே ‘ஒருவேளை நாடு’ என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். நான்காம் நாள் தயங்கித் தயங்கி, ‘என் கட்டணம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுமா?’ என்று கேட்டேன். ‘வெள்ளிக்கிழமை காலை’ என்றார். வந்தும்விட்டது.

மலைக்கோட்டை மணி

சாப்பாடு எப்படி? அங்கே ஆட்டிறைச்சியைக் காற்றிலேயே காய வைத்துச் சாப்பிடுவார்களாமே.

குளிர்விரல்

ஸ்கெர்பிசொட். பலகைகளுக்கு நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய கொட்டகையில் மாதக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். உப்புக்கூடப் போடுவதில்லை, கடல் காற்றே போதும் என்கிறார்கள். கருவாட்டுக்குப் பழகிய மூக்கு எனக்கு. ஆனாலும் கதவைத் திறந்ததும் ஓர் அடி பின்வாங்கினேன். வாயில் வைத்தால் வேறு கதை. மெல்ல மெல்ல ருசி வருகிறது. சிற்றேட்டுக்கு அந்தக் கொட்டகையையும் எடுத்தேன். அம்மா நிராகரித்தார். ‘இதுவும் ஆடுதான்.’

ஒஸ்லோ வாணி

கடலுக்கடியில் இருக்கும் சாலைச் சந்திப்பைப் பார்த்தீர்களா? நான் போனபோது அது திறக்கவில்லை.

குளிர்விரல்

பார்த்தேன் அக்கா. 2020 டிசம்பரில் திறந்த சுரங்கப்பாதை, 11 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில், கடலுக்கடியில் ஒரு வட்டச் சந்திப்பு. பாறைத் தூணைச் சுற்றி நீலமும் பச்சையுமாக ஒளி, கைகோத்து வட்ட நடனம் ஆடும் இரும்பு உருவங்கள். ட்ரோண்டுர் பாதுர்சன் என்ற கலைஞரின் வேலை. காரை நிறுத்த இடமில்லாததால் நான்கு முறை சுற்றிச் சுற்றி வந்தோம். ஆடு இல்லாத ஒரே இடம். விடுதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பதால் அந்தப் படத்துக்கும் வேலை இல்லை.

இப்போது அறைப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்த படம் அங்கேதான் கிடைத்தது.

அறைக்குள்ளிருந்து சன்னலையும் சேர்த்து எடுப்பது வெயில் ஊர்களில் தலைவலி. உள்ளே சரியாக வைத்தால் வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு. வெளியே சரியாக வைத்தால் உள்ளே இருட்டு. அங்கே மேகமே பெரிய விளக்குக் குடை. உள்ளுக்கும் வெளிக்கும் வெளிச்சத்தில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. ஒரே சொடுக்கில் போர்வையின் நெசவும் தெரிகிறது, கடலின் நுரையும் தெரிகிறது. ஆறு நாளும் சபித்த மேகத்துக்கு அன்று மன்னிப்புக் கேட்டேன்.

மூன்றாம் அறை. வெள்ளைப் போர்வை, மரச் சன்னல், அதற்கு அப்பால் சரிவு, கடல். சட்டம் சரியாக அமைந்தது. சொடுக்கப் போகும்போது சன்னலின் கீழ் விளிம்பில் இரண்டு காதுகள் எழுந்தன. பிறகு முகம். கன்னத்தில் ஈரக் கம்பளி திரிதிரியாகத் தொங்க, ஒரு பெண் ஆடு அறைக்குள் எட்டிப் பார்த்தது, அசைபோடுவதை நிறுத்தவில்லை. பின்னால் இரண்டு குட்டிகள். கண்ணாடியில் மூச்சு படிந்து வட்டமாக வெளுத்தது. நான் கையை ஆட்டினேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது.

‘அம்மா!’ என்று கூப்பிட்டேன், தமிழிலேயே வந்துவிட்டது. அவர் சமையலறையிலிருந்து ரப்பர் காலணியோடு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். ஆடுகள் வலது பக்கம் பாய்ந்தன. அம்மா சன்னலின் நடுவில் வந்த நொடியில் சொடுக்கினேன். துடைப்பம் தலைக்கு மேலே. மேலங்கி காற்றில் விரிந்து நிற்கிறது. வாய் திறந்து என்னவோ திட்டுகிறார். முன்னால் சுருக்கமில்லாத வெள்ளைப் படுக்கை. சட்டத்தில் ஆடு இல்லை.

பிலிம்சுருள்

தம்பி, அந்தப் படத்தைப் போடு. பேச்சை நிறுத்து.

குளிர்விரல்

இறுதியாகத் தேர்வான 12 படங்களையும் அம்மாவின் அனுமதியோடு இணைத்திருக்கிறேன். துடைப்பப் படத்தை வேடிக்கைக்காகத்தான் அனுப்பினேன். பின்னட்டைக்கு அதையே எடுத்துக்கொண்டார். ‘எதைத் துரத்துகிறீர்கள் என்று விருந்தினர் கேட்பார்களே?’ என்றேன். ‘கேட்கட்டும். வேலி தாண்டுகிறவர்களை என்று சொல்வேன்’ என்றார்.

தூறல்

பின்னட்டைப் படத்தைப் பத்து முறை பார்த்துவிட்டேன், அண்ணா. போர்வையின் ஓரத்தில் சன்னல் வெளிச்சம் விழுந்திருக்கும் விதம்!

ஒஸ்லோ வாணி

முன்னட்டையில் அந்த அருவி! கடைசியில் ஒழுங்காக விழுந்துவிட்டது போல.

குளிர்விரல்

கிளம்பும் நாள் காலை ஐந்தரை மணிக்குத் திரும்பப் போனேன், அக்கா. முன்பெல்லாம் அந்த ஊருக்குத் தபால்காரர் மலை ஏறி இறங்கித்தான் கடிதம் கொண்டு வருவாராம். 2004-இல் சுரங்கப்பாதை குடைந்த பிறகுதான் கார் போகிறது. சுரங்க வாயிலில் மழைக்கு ஒதுங்கி ஏழெட்டு ஆடுகள் நின்றன. அத்தனையும் இங்கே இருந்தால் அருவிப் பக்கம் ஒன்றும் இருக்காது என்று கணக்குப் போட்டேன். கணக்கு பலித்தது. எதையும் அழிக்கவில்லை, எதையும் ஒட்டவில்லை. மணி, பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுகுக்கண்

அருவிப் படத்தை முழு அளவில் திறந்து பார்த்தேன். மேல் வலது மூலை, கடைசி வீட்டுக்குப் பின்னால், புல் கூரைக்குச் சற்று மேலே. வெள்ளைப் புள்ளி.

குளிர்விரல்

கல்.

கழுகுக்கண்

கல்லுக்குக் கீழே நான்கு கறுப்புக் கோடுகள் இருக்கின்றன.

பிலிம்சுருள்

பென்சில் வேண்டுமா தம்பி?

குளிர்விரல்

நேற்று மதியமே அச்சுக்குப் போய்விட்டது, ஐயா. அம்மாவுக்கு வாசிக்கும் கண்ணாடி மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். இந்த இழையை யாரும் டேனிஷில் மொழிபெயர்க்க வேண்டாம்.

மலைக்கோட்டை மணி

இரண்டு நொடி வேலை என்று முதலிலேயே சொன்னேன்.

தூறல்

அண்ணா, அந்தப் பருத்தித் துவாலை என்ன அளவு? கைத்துவாலையா, குளிக்கும் துவாலையா?